முற்றிய எம்பிசீமாவுக்கு அறுவை சிகிச்சை: கொங்குப் பக்கத்து ஆட்கள் எங்கே தொடங்குவது, எதையெல்லாம் எடுத்து வைப்பது

இன்ஹேலர், நெபுலைசர், மாத்திரை எல்லாம் ஒழுங்காக எடுத்தும் குளித்துவிட்டுத் துண்டு கட்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. "இனி ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாருங்க" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லை. நுரையீரல் ஊதிப்போகும் எம்பிசீமா நோயோடு அப்படி நிற்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பல்லடம் பக்கத்தில் காலமெல்லாம் தறி ஓட்டி, கூடவே பீடியும் பிடித்த எங்கள் அப்பாவுக்காக இந்த வழியில் நாங்கள் நடந்திருக்கிறோம். வழி இருக்கத்தான் செய்கிறது. எதற்குப் பின் எது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. சர்ஜனைப் பார்ப்பது கடைசிக்குப் பக்கத்துப் படி. அதையே முதல் படி என்று ஓடுகிறவர்களுக்குக் காசும் போகிறது, மாதங்களும் போகின்றன.

நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் நெஞ்சக டாக்டர் சொல்படிதான்.

1. "ஆபரேஷன்" என்றால் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எம்பிசீமாவில் நுரையீரலின் காற்றறைகள் கிழிந்து பெரிதாகி, இழுவை விட்டுப் போகிறது. வெகுநாள் துவைத்த ஜட்டியின் எலாஸ்டிக் மாதிரி: விரியும், சுருங்காது. உள்ளே போன காற்று வெளியே வராமல் தங்கும். நுரையீரல் ஊதிப்போய் உதரவிதானத்தைக் கீழே தள்ளித் தட்டையாக்கிவிடும். இழுக்க இடமில்லாததால்தான் அந்த இளைப்பு. இதற்கு நாலு வழி இருக்கிறது. உங்களுக்கு எது என்பதை சி.டி. ஸ்கேனும் ஊதும் பரிசோதனையும்தான் முடிவு செய்யும். எவ்வளவு இளைக்கிறது என்பதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை.

ஒன்று, புல்லா அகற்றுதல். ஒரே இடத்தில் பெரிய காற்றுக் குமிழ் உண்டாகி, அந்தப் பக்க நெஞ்சறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் நல்ல நுரையீரலை நசுக்கினால் அந்தக் குமிழை மட்டும் எடுப்பார்கள். பலன் பளிச்சென்று தெரியும். ஆனால் இப்படிப்பட்ட குமிழ் இருப்பவர்கள் குறைவு.

இரண்டு, நுரையீரல் கொள்ளளவு குறைப்பு அறுவை. டாக்டர்கள் எல்.வி.ஆர்.எஸ். என்பார்கள். மிகவும் கெட்டுப்போன பகுதியை, பெரும்பாலும் மேல்பகுதியை, நுரையீரலில் 20 முதல் 30 சதவீதம் அளவுக்கு வெட்டி எடுப்பது. மிச்சமிருக்கும் நுரையீரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடம் கிடைக்கும்.

மூன்று, வால்வு வைத்தல். இது கத்தி போடுவதல்ல. வாய் வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலின் கெட்ட மடலுக்கு, அதாவது பிரிவுக்கு, போகும் மூச்சுக்குழாய்க் கிளைகளில் ஒருவழி வால்வு வைப்பார்கள். காற்று வெளியே வரும், உள்ளே போகாது. அந்த மடல் சுருங்கிவிடும். மடல்களுக்கு நடுவே உள்ள பிளவு முழுசாக இருந்தால்தான் வேலை செய்யும். இல்லையென்றால் பக்கத்து மடலிலிருந்து காற்று புகுந்து பணம் வீண்.

நாலு, நுரையீரல் மாற்று. மற்ற மூன்றும் பொருந்தாதபோது, வயதும் உடலும் இடம் கொடுத்தால்.

2. புகையிலையை இன்றைக்கே நிறுத்துங்கள், தேதியைக் குறித்து வையுங்கள்

இது அறிவுரை இல்லை, தகுதி விதி. எல்.வி.ஆர்.எஸ். பற்றி அமெரிக்காவில் 1,218 பேரை வைத்துச் செய்து 2003-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், புகைப்பதை நிறுத்தி 4 மாதமாவது ஆனவர்களைத்தான் சேர்த்தார்கள். இன்றைக்கும் பல இடங்களில் ஏறக்குறைய அதே கணக்குதான். மாற்று அறுவை என்றால் 6 மாதம் கேட்பார்கள். அதனால் நிறுத்திய நாளிலிருந்துதான் உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. நெஞ்சக டாக்டரைப் பார்க்கும்போது அந்தத் தேதியை ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அதுதான் ஆதாரம்.

வாய் வார்த்தையை நம்ப மாட்டார்கள். நிக்கோட்டின் உடம்புக்குள் போனால் உண்டாகும் கோட்டினின் ரத்தத்திலோ சிறுநீரிலோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பீடி விட்டேன், வெற்றிலையோடு புகையிலை மட்டும்தான் என்றால் அதிலும் கோட்டினின் வரும். புகையை விடுவதற்கென்று வாங்கும் நிக்கோட்டின் சூயிங்கம், பட்டை ஆகியவற்றிலும் வரும். அவற்றைப் பயன்படுத்தினால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நாலே நாலு தானுங்க டாக்டரு, அதுவும் சாப்பிட்ட பொறவு" என்ற சமாளிப்பெல்லாம் ஆய்வகத்தில் எடுபடாது.

வீட்டுப் புகையும் சேர்த்திதான். விறகடுப்பு, தோட்டத்தில் மட்டை எரிப்பது, சாம்பிராணி, கொசுவத்தி. பீடியே தொடாத அம்மாக்கள், ஆத்தாக்கள் பலருக்கு அடுப்புப் புகையாலேயே நுரையீரல் கெட்டிருக்கிறது. தறிக் குடோனுக்கும் மில்லுக்கும் போவதை நிறுத்துங்கள். "சும்மா போய் ஒக்காந்துட்டு வர்றேன்" என்றாலும் வேண்டாம்; பஞ்சுத் தூசு ஆள் பார்ப்பதில்லை.

3. பரிசோதனைகள்: எதை, எங்கே, எப்படி

நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த கையோடு எடுத்த ரிப்போர்ட்டுகளை ஏற்க மாட்டார்கள். உடம்பு தேறி ஒன்று, ஒன்றரை மாதம் ஆன பிறகு எடுங்கள். மார்கழி, தைப் பனியில் நம் பக்கத்தில் இளைப்பு கூடும் என்பதையும் கணக்கில் வைத்து நாள் பாருங்கள்.

முழு பி.எஃப்.டி., அதாவது நுரையீரல் திறனைப் பார்க்கும் ஊதும் பரிசோதனை. பெரும்பாலான இடங்களில் பி.எஃப்.டி. என்றால் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, ஒரு தாள் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது ஸ்பைரோமெட்ரி மட்டும். அறுவைக்கு அது போதாது. நுரையீரலில் தங்கிப்போகும் காற்றின் அளவும், முழுக் கொள்ளளவும், டி.எல்.சி.ஓ. என்ற வாயுப் பரிமாற்ற அளவும் வேண்டும். இதற்கு போன் பூத் மாதிரி கண்ணாடிப் பெட்டி உள்ள ஆய்வகம் தேவை. கோவையில் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. போவதற்கு முன் போன் செய்து "பாடி பிளெத்திஸ்மோகிராஃபி, டி.எல்.சி.ஓ. ரெண்டும் இருக்குங்களா, இன்னைக்கு மிஷின் ஓடுதுங்களா" என்று கேட்டுவிட்டுப் போங்கள். எங்களுக்கு இதற்கு 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. காலையில் எந்த இன்ஹேலரை நிறுத்த வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது.

பெட்டியின் கதவைச் சாத்தியதும் அப்பா பயந்துவிட்டார். டெக்னீசியன் வெளியிலிருந்து "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்" என்று கத்த, இவர் பாதியில் வாயை எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினார். கொஞ்ச நேரம் உட்கார வைத்துத் திரும்பச் செய்தார்கள். இப்படி ஆவது சகஜம். அவசரப்பட்டு அரைகுறையாக ஊதிய ரிப்போர்ட்டோடு வந்தால், சர்ஜன் அதைப் பார்த்ததும் திரும்ப எடுக்கச் சொல்வார். வயதானவர்களைக் காலையில் முதல் ஆளாக அழைத்துப் போங்கள்.

இனி எல்.வி.ஆர்.எஸ்.ஸுக்குப் பார்க்கும் எண்கள். ஒரு வினாடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவான எஃப்.இ.வி.1, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். தங்கும் காற்று 150 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மொத்தக் கொள்ளளவு 100 சதவீதமாவது வேண்டும். நுரையீரல் ஊதிப்போயிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஊதிப்போகாத நுரையீரலில் கொள்ளளவைக் குறைத்துப் பயனில்லை.

ஹெச்.ஆர்.சி.டி. சாதா சி.டி. வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு 5,000 ரூபாய் சுற்றி ஆனது. ஃபிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், சி.டி. தட்டோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். நாங்கள் முதலில் போன ஒரு ஸ்கேன் மையம் ஃபிலிமை மட்டும் கொடுத்து அனுப்பியது. பிறகு போய்த் தட்டு கேட்டபோது "பழசெல்லாம் அழிஞ்சிருச்சுங்க" என்றார்கள். ஸ்கேன் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. எந்தப் பகுதி எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை சர்ஜன் திரையில் நகர்த்தித்தான் பார்ப்பார். ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முடிவு சொல்ல மாட்டார்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. பெரிய புல்லா எக்ஸ்ரேயில் பார்க்கும்போது நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசிந்தது போலவே தெரியும். அவசரத்தில் அதில் டியூப் குத்திவிட்டால் ஆபத்து. புல்லா இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தால், எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மற்றவை: ரத்தத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு அளவைப் பார்க்க மணிக்கட்டு ரத்தநாளத்தில் எடுக்கும் ஏ.பி.ஜி., இருதய ஸ்கேனான எக்கோ, 6 நிமிட நடை, எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது என்று பார்க்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன், சளியில் டி.பி. இருக்கிறதா என்ற சோதனை. எக்கோவில் நுரையீரல் ரத்தஅழுத்தம் ரொம்ப அதிகம் என்று வந்தால் கொள்ளளவு குறைப்பு பெரும்பாலும் நடக்காது. பழைய டி.பி. வடு இருந்தால் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கும், அறுவை சிரமமாகும். சின்ன வயதில் பெருந்துறை சானடோரியத்தில் படுத்திருந்தார் என்பது மாதிரி பழைய கதை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நோயாளிக்கு ஐம்பது வயதுக்குக் கீழே என்றால் ஆல்ஃபா 1 ஆன்டிட்ரிப்சின் ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

4. ஒரே ஃபைல்

எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். மேலே ஒரு பக்கத்தில் இவை மட்டும்: புகையிலை நிறுத்திய தேதி, கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த தேதி, மூன்று பி.எஃப்.டி. எண்கள், ஏ.பி.ஜி. எண்கள், இப்போது எடுக்கும் மருந்துகள். மருந்து என்றால் எல்லாமே. ஊரில் ஊசி போடுகிறவரிடம் வாங்கிய வெள்ளை மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கியது உட்பட. இளைப்பைச் சட்டென்று அடக்கும் மாத்திரையில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தையல் ஆறுவது சிரமம். அந்தப் பெரிய ஆய்வில் அவர்களைச் சேர்க்கவே இல்லை. திடீரென்று நீங்களாக நிறுத்தினாலும் ஆபத்துதான், டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

5. பணம்: எந்தக் கதவு உங்களுக்கு

டெஸ்டுகள் நடக்கும்போதே இதையும் தொடங்குங்கள். அறுவை தேதி குறித்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓட முடியாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வேண்டியவை ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், வருமானச் சான்று. இவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்குப் பல்லடம் ரோட்டுக் கலெக்டர் ஆபீஸ். நடக்க முடியாத ஆளை அழைத்துப் போகும் முன், அவர் நேரில் வந்தே ஆக வேண்டுமா என்று மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே சிக்கல் இரண்டு. ஒன்று, பெயர். ரேஷன் கார்டில் சின்னச்சாமி, ஆதாரில் சின்னசாமி, ஓ.பி. சீட்டில் கே.சி.சாமி என்று இருந்தால் ஒப்புதல் கேட்கும்போது நிற்கும். முதலிலேயே ஆதார்படி எல்லாவற்றையும் ஒன்றாக்குங்கள். இரண்டு, தனிக் கார்டு. மகன் கல்யாணமாகித் திருப்பூரில் தனிக் கார்டு வாங்கியிருப்பார், அப்பா அம்மா ஊர்க் கார்டில் இருப்பார்கள். மகனுடைய காப்பீட்டு அட்டையில் அப்பாவுக்கு இடமில்லை. ஊர்க் கார்டை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அட்டை கையில் வந்ததும், நீங்கள் போகும் மருத்துவமனை இத்திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். நெஞ்சறை அறுவைக்கு அங்கே ஒப்புதல் உண்டா, உங்களுக்குச் சொன்ன அறுவை பட்டியலில் வருகிறதா, பாக்கேஜ் தொகை எவ்வளவு, மிச்சம் நாம் கட்ட வேண்டுமா என்று அங்குள்ள காப்பீட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். பெரிய தொகை ஆகும் சில சிகிச்சைகளுக்கு இத்திட்டத்தில் தனி நிதியும் உண்டு. மாற்று அறுவை என்றால் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள். காத்திருப்பு இருக்கும், ஆனால் செலவு அநேகமாக இல்லை.

இ.எஸ்.ஐ. பனியன் கம்பெனி, மில் வேலைக்காரர்கள் இந்தக் கதவை மறந்துவிடுகிறார்கள். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தால் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பெற்றோர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கம்பெனி ஆபீஸில் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் ஆரம்பித்து, சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வழியாக, அங்கே செய்ய முடியாததை வெளி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் நேராகத் தனியாரில் சேர்ந்துவிட்டுப் பிறகு பில்லைக் கொண்டுபோனால் படாத பாடு படுவீர்கள். நோயாளியே தொழிலாளியாக இருந்து, இருதயத்தின் வலப்பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால், நீண்டநாள் நோய்ப் பட்டியலில் அது வருகிறது. இரண்டு வருடம் வேலையில் இருந்தவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் நீட்டித்த நோய்க்காலப் படியாகக் கிடைக்கும். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

தனியார் பாலிசி. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 2024-இல் அதிகபட்சம் 3 ஆண்டாகக் குறைத்தார்கள். பாலிசியில் உங்களுக்கு எத்தனை ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அட்மிஷன் போடும்போது டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா வீசிங்?" என்பார். கூட நிற்கும் ஆள் "அது இருக்குதுங்க இருபது வருஷமா" என்று அடித்துவிடுவார். கேஸ் ஷீட்டில் 20 ஆண்டு என்று ஏறிவிட்டால் கிளெய்ம் அதோடு சரி. பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்த ஆண்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்று சீட்டைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள்.

சொந்தப் பணம் என்றால்: நாங்கள் விசாரித்த கோவை மருத்துவமனைகளில் நெஞ்சறை அறுவைக்கு 3 லட்சத்தில் ஆரம்பித்து 6 லட்சம் வரை சொன்னார்கள். வால்வு என்றால் ஒரு வால்வின் விலையே லட்சத்தைத் தாண்டும். ஒரு மடலை அடைக்க மூன்று நாலு தேவைப்படும். மாற்று அறுவையில் அறுவைச் செலவு ஒரு பக்கம், வாழ்நாள் முழுக்க மாதாமாதம் எதிர்ப்பு மாத்திரைச் செலவு இன்னொரு பக்கம்.

6. காத்திருக்கும் நாட்களைப் பயிற்சிக்குக் கொடுங்கள்

மேற்கண்ட ஆய்வில் எல்லாருக்கும் 6 முதல் 10 வாரம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்த பிறகுதான் அறுவையா இல்லையா என்று பிரித்தார்கள். நடை, கை கால் தசைப் பயிற்சி, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது. பெரிய மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் சொல்லித் தருவார்கள். வெளியே போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். சிலர் இந்தப் பயிற்சியிலேயே தேறி, அறுவையே வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். அப்படி ஆனால் லாபம்தான்.

உடம்பு இளைத்துப் போனவர்கள் எடை ஏற்ற வேண்டும். மூச்சு வாங்குகிறவர்களால் ஒரே மூச்சில் ஒரு தட்டுச் சோறு சாப்பிட முடியாது. வயிறு நிறைந்தால் உதரவிதானம் நகராது. முட்டை, கடலை உருண்டை, உளுந்தங்களி, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

"மலைக்காத்து நல்லதுங்க, ஊட்டியில பத்து நாள் வெச்சிருங்க" என்று சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. உங்கள் ஆள் மேட்டுப்பாளையத்தில் ஆக்சிமீட்டரில் 90 காட்டினால் மேலே போய் என்ன காட்டுவார் என்று யோசியுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் தேவை என்று எழுதிக்கொடுத்தால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மிஷினை வாங்குவதற்கு முன் மாத வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 5 லிட்டர் மிஷின் 350 வாட் சுற்றி இழுக்கும். நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 300 யூனிட்டுக்கு மேல் இதற்கே ஆகும். இலவசம் 100 யூனிட்தான், அதனால் கரண்ட் பில் தூக்கும். மின்தடை நாளுக்கு ஒரு சிலிண்டர் கையிருப்பில் இருக்கட்டும்.

7. சர்ஜனிடம் என்ன கேட்பது

இப்போதுதான் சர்ஜன். ஃபைலோடும் ஸ்கேன் தட்டோடும் போங்கள். நெஞ்சக டாக்டரும் சர்ஜனும் ரேடியாலஜிஸ்டும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கும் இடமாக இருந்தால் நல்லது. கேட்க வேண்டியவை: இந்த அறுவையை இங்கே வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? கெட்ட பகுதி மேலேயா, பரவலாகவா? வீடியோ வைத்துச் சின்னத் துளையா, நெஞ்செலும்பைத் திறந்தா? ஒரு பக்கமா, இரண்டுமா? டியூப் எத்தனை நாள் இருக்கும்? வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? "வருஷத்துக்கு எத்தனை" என்ற கேள்விக்கு எரிச்சல்படும் இடத்திலிருந்து கிளம்பி, இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

கோவையிலேயே முடியாது, சென்னைக்கோ வேலூருக்கோ போங்கள் என்று சொன்னால், ரயிலில் கீழ் பெர்த்தும் ஆக்சிஜன் சிலிண்டருக்கு டாக்டர் சான்றும் எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கேபின் அழுத்தம் குறையும் என்பதால் விமான நிறுவனம் மருத்துவப் படிவம் கேட்கும்.

8. "வேண்டாம்" என்று சொன்னால்

சண்டை போடாதீர்கள். அதே ஆய்வில் எஃப்.இ.வி.1 20 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, கூடவே டி.எல்.சி.ஓ.வும் 20-ஐத் தாண்டாதவர்களோ நுரையீரல் முழுக்கப் பரவலாகக் கெட்டவர்களோ அறுவை செய்துகொண்டபோது, 30 நாளுக்குள் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். அப்படிப்பட்டவர்களை அதன்பின் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். மறுபக்கம், மேல்பகுதி அதிகம் கெட்டு, பயிற்சிக்குப் பிறகும் உடல் திறன் குறைவாக இருந்தவர்களுக்கு அறுவை ஆயுளையே கூட்டியது. எங்கள் சித்தப்பாவுக்கு "பரவலாக இருக்குது, தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் ஆக்சிஜனோடு திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறார். எப்படியாவது செய்து தருகிறோம் என்று சொல்லும் இடத்தைவிட, காரணத்தோடு மறுக்கும் இடத்தை நான் நம்புவேன்.

மறுத்தால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: வால்வுக்குப் பொருந்துமா? மாற்றுக்கு? வால்வு வைத்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நுரையீரலில் காற்றுக்கசிவு ஏற்படுகிறது, பெரும்பாலும் முதல் சில நாளில். அதனால் மூன்று இரவாவது ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள வேண்டும். "அன்னைக்கே வீட்டுக்குப் போயிறலாம்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். மாற்று என்றால் மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்வார்கள். அழைப்பு வந்தால் சில மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால், காத்திருக்கும் காலத்தில் அந்த ஊரிலேயே வீடு பிடிக்க வேண்டி வரலாம். அந்த வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

9. அட்மிஷனும் பில்லும்

பில்லை ஏற்றுவது அறுவை இல்லை, காற்றுக்கசிவு. வெட்டித் தைத்த நுரையீரலிலிருந்து காற்று கசிவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும்: ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு வந்தது, பாதிப் பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தது, நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. பாக்கேஜில் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு நாளுக்கு வார்டில் எவ்வளவு, ஐ.சி.யூ.வில் எவ்வளவு, தையல் ஸ்டேப்ளர் பாக்கேஜில் சேர்த்தியா தனியா என்பதையும். அந்த ஸ்டேப்ளர் ரீஃபில்கள் பில்லில் தனி வரியாக வந்தால் திகைத்துவிடுவீர்கள். மேலே ஒரு லட்சம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு சேருங்கள். ரத்தம் கொடுக்க ஆட்களை முன்பே சொல்லி வையுங்கள்.

நெஞ்சிலிருந்து வரும் டியூப் கீழே ஒரு தண்ணீர்ப் பாட்டிலில் முடியும். நர்ஸ் தினமும் காலையில் "இருமுங்கய்யா" என்பார். இருமும்போது குமிழ் வந்தால் கசிவு இருக்கிறது. அப்பா தன் நெஞ்சைப் பார்க்காமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டு இருமுவார். கூட இருப்பவர்களுக்கு இரண்டு விதி: பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே தரையில்தான், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கட்டிலில் தூக்கி வைக்கக் கூடாது, நர்ஸ் சொல்லாமல் டியூபை மடக்கவோ கிளிப் போடவோ கூடாது. கசிவு கொஞ்சம் மட்டும் இருந்தால், ஒருவழி வால்வும் பையும் மாட்டி வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி நாட்கள் மிச்சமாகும்.

வலிக்குப் பயந்து இருமாமல் படுத்திருந்தால் நிமோனியா பிடிக்கும். வலி மருந்து கேட்டு வாங்குங்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமச் சொல்லுங்கள், மறுநாளே எழுப்பி நடக்க விடுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பின்

ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே என்று இன்ஹேலரை நிறுத்துவார்கள். விடாதீர்கள். மிச்சமிருக்கும் நுரையீரலிலும் அதே நோய்தான் இருக்கிறது. கிடைத்த பலனும் சில ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பயிற்சி தொடர்ந்தால் மெதுவாகக் குறையும். ஆறு வாரத்துக்குக் குடம், மூட்டை தூக்குவது, பைக் ஓட்டுவது வேண்டாம். டாக்டர் சொல்லும் வரை விமானமும் வேண்டாம். மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் பி.எஃப்.டி. எடுத்துப் பழைய எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தேதியை டிஸ்சார்ஜ் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

திடீர் நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், கழுத்திலோ நெஞ்சிலோ தோல் உப்பி அழுத்தினால் நறநறவென்பது, உதடு நீலமாவது: இதில் எது வந்தாலும் 108. வண்டி வந்ததும் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: நுரையீரல் அறுவை ஆனவர், எம்பிசீமா நோயாளி. ஆக்சிஜனை முழுசாகத் திறந்துவிட்டால் இவர்களில் சிலருக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். அவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 88-லிருந்து 92 வரைதான் இலக்கு. உங்கள் ஆள் அந்த வகையா என்று டாக்டரிடம் கேட்டு, ஆம் என்றால் அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதி அவர் கையொப்பம் வாங்கி, நோயாளியின் சட்டைப் பையிலும் வீட்டு நிலைக்கதவிலும் வையுங்கள். ஆம்புலன்ஸ்காரர் உங்கள் வார்த்தையைவிட அந்த அட்டையைத்தான் கேட்பார்.